சோபா இருந்த இடத்தில் கடல்

சோபா வாசலுக்குப் போய்விட்டது. மழை பெய்தால் நனைகிறது, வெயில் அடித்தால் காய்கிறது, மற்ற நேரமெல்லாம் அதன் மேல் பக்கத்து வீட்டுப் பூனை படுத்திருக்கிறது. கூடத்தில் சோபா இருந்த இடத்தில் இப்போது கண்ணாடித் தொட்டி நிற்கிறது. ஜுசாரா கையை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை எட்டாது. அத்தனை நீளம். அதைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தை அவளே வெல்டு அடித்தாள். அடித்துத் தேய்த்து மூன்று கோட் பெயின்ட் கொடுத்து, நாலு கால்களுக்கும் மட்டம் பார்த்தாள். குன்றின் சரிவில் கட்டிய வீடு. அந்த வீட்டிலேயே மட்டமாக இருந்த ஒரே பொருள் அந்தச் சட்டம்தான்.

ஜுசாரா நிதெரோய் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பைப் ஃபிட்டர். கப்பலின் வயிற்றுக்குள் குனிந்து, தவழ்ந்து, குழாய்க்குக் குழாய் பொருத்தியே அவளுக்கு முட்டி தேய்ந்திருந்தது. அவள் புருஷன் வால்தெசிருக்கு மீன் மார்க்கெட்டில் வேலை. விடியுமுன் போய் செதில் உரித்து, குடல் எடுத்து, வெட்டிக் கொடுக்கிறவன்.

"நாள் பூரா மீன் வயித்தைக் கிழிச்சிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா மீனுக்கு நான் சோறு போடணுமாம்" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். பந்தாட்டம் பார்க்க இப்போது அவனுக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முழங்கை வரை மூன்று முறை கை கழுவாமல் தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்பது வீட்டில் புதுச் சட்டம்.

எல்லாம் ஆரம்பித்தது அதெமில்சன் வீட்டில். அதெமில்சன் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவன். ஆளும் உயரம், உட்காரும் இடமும் உயரம் என்பதால் பட்டறையில் எல்லோருக்கும் அவன் ஜிராஃபா, ஒட்டகச்சிவிங்கி. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு கரியடுப்பில் இறைச்சி சுடுகிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டான். எல்லோரும் தின்றார்கள், குடித்தார்கள். ஜுசாரா மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளறையில் நின்றாள். தட்டில் கறி ஆறிப்போனது. அவளுக்கு முன்னால் ஒரு தொட்டி, அதில் ஒரு பவளம். கல் போன்ற கிளைகள், கிளைக்குக் கிளை முனையில் பச்சைச் சதை, ஒவ்வொரு சதையின் நுனியும் குட்டிச் சுத்தியல் போல. சுத்தியல் பவளம் என்றுதான் அதற்குப் பெயரே. நூறு சுத்தியல்கள், யாரையும் அடிக்காமல், தண்ணீரின் போக்கில் ஆடிக்கொண்டிருந்தன. பதினேழு வயதிலிருந்து சுத்தியல் பிடித்த கை அவளுடையது. ஆடுகிற சுத்தியலை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பிறகு அதெமில்சனுக்குத் தெற்கே வேறு பட்டறைக்கு மாற்றல் வந்தது. அங்கே கம்பெனி கொடுக்கிற அறையில் கட்டில் போடவே இடமில்லை, தொட்டிக்கு எங்கே போவது. பவளத்தை முழுசாகக் கேட்டு கில்வான் என்ற கடைக்காரன் அலைந்துகொண்டிருந்தான். கில்வானிடம் போனால் மறுநாளே ரம்பம் வைப்பான். கிளை கிளையாக அறுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொருத்தனுக்கு விற்பான். ஒற்றைக் கிளையாக வாங்கி இத்தனை வருஷம் வளர்த்த அதெமில்சனுக்கு அது பிடிக்கவில்லை. ஜுசாரா கேட்டாள். அவன் யோசித்து, சரி என்றான். ஆனால் தொட்டி தயாராக இருக்க வேண்டும். பவளக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு: முதலில் நத்தை, பிறகு இறால், கடைசியில்தான் பவளம். நத்தையும் இறாலும் பிழைத்த தண்ணீரில்தான் பவளத்தை இறக்குவார்கள். அவன் லாரி ஏறுகிற சனிக்கிழமைக்குள் இறால் பிழைத்தால் பவளம் ஜுசாராவுக்கு. இல்லையென்றால் கில்வானுக்கு.

அதிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. பட்டறையிலிருந்து படிக்கட்டை ஓட்டமாக ஏறி வீட்டுக்கு வருவாள். சோறும் கருப்பு பீன்ஸும் அடுப்பில் கொதிக்க, ஒரு கையால் கிண்டிக்கொண்டே மறு கையால் வாளியில் உப்பு கலக்குவாள். சமையல் உப்பு இல்லை, கடல் தண்ணீரில் இருக்கிறதெல்லாம் இருக்கிற உப்பு. ஒரு தடவை வால்தெசிர் தெரியாமல் அதை எடுத்து முட்டையில் தூவிவிட்டு, அன்று முழுக்கத் திட்டு வாங்கினான். முட்டைக்காக இல்லை, உப்புக்காக.

குழாய் வேலைதான் அவளுக்குத் திருவிழா. தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து கீழ்த்தொட்டிக்கு இறங்க வேண்டும், அங்கே சுத்தமாகி மோட்டார் வழியாக மேலே ஏற வேண்டும். கடையில் இதையெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக்கில் விற்கிறார்கள். அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, பொம்மை என்று திரும்ப வைத்துவிட்டாள். வளைவுக்கு வளைவு அளந்து, ஒரு சொட்டு கசியாமல் தானே பூட்டினாள். மேலே ஏறுகிற குழாயின் நடுவே, தண்ணீரைக் கூட்டவும் குறைக்கவும், தன் வெண்கல வால்வைப் போட்டாள்.

அந்த வால்வுக்கு ஒரு கதை உண்டு. முதன்முதலாக மேஸ்திரி உதவியில்லாமல் அவள் தனியாகக் குழாய் போட்டது ஒரு பழைய இழுவைக் கப்பலுக்கு. அந்தக் கப்பலை உடைக்கக் கொண்டுவந்தபோது, அவள் கையால் பூட்டிய வால்வை மேஸ்திரி கழற்றி அவளிடமே கொடுத்தார். அத்தனை வருஷம் கடல் தண்ணீரில் கிடந்தும் அதில் ஒரு புள்ளி துரு இல்லை. இரும்பு மட்டும் தண்ணிப் பக்கம் வரக்கூடாது என்று அதெமில்சன் சொல்லியிருந்தான். இதை ஒரு ஃபிட்டருக்குச் சொல்ல வேண்டுமா? கடல் இரும்பைத் தின்னும், வெண்கலத்தைத் தொடாது. சட்டத்துக்கு அடியில் கதவு போட்டு அந்த வால்வை மறைத்து வைத்தாள். பவளம் வருகிற அன்று கதவைத் திறந்து ஜிராஃபாவுக்குக் காட்டி, அவன் வாயைப் பிளப்பதைப் பார்க்க வேண்டும். கதவு மூடியிருந்தாலும் தினமும் திறந்து துணியால் ஒரு துடைப்பு துடைப்பாள்.

தொட்டி நிறைந்தது. கல் வைத்தாள், மணல் போட்டாள். மணல் பழுப்பாகி, பாசி பிடித்து, பாசி தானே விலகியது. அதுவும் முறைதான், பயப்படாதே என்றான் அதெமில்சன். இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. முதல் நாளே மூலையில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, இது எங்கள் வீடு என்பது போல் நின்றன. வால்தெசிர் பந்தாட்டத்தின் இடைவேளையில் நாற்காலியைத் திருப்பி அவற்றைப் பார்ப்பான். பார்க்கவில்லை என்பான்.

பிறகு நத்தைகளை விட்டாள்.

மறுநாள் அவை மல்லாந்து கிடந்தன. நிமிர்த்தி வைத்தாள், மறுபடியும் மல்லாந்தன. தண்ணீரைச் சோதித்தாள். உப்பு சரி, சூடு சரி, கழிவு எதுவும் இல்லை. எண்களை அதெமில்சனுக்கு அனுப்பினாள். எல்லாம் என் தொட்டியை விட நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. முதலில் நத்தை விற்றவனைத் திட்டினாள். வேறு இடத்தில் வாங்கினாள். அவையும் செத்தன. அடுத்து வால்தெசிரின் கையைத் திட்டினாள்.

"நான் தொடவே இல்லையே" என்றான் அவன்.

"நீ மூச்சு விட்டாலே மீன் நாத்தம்."

"மீன் நாத்தத்துல மீன் சாகுமா? நல்ல கதையா இருக்கே."

மீன்கள் என்னவோ சாகவில்லை. உற்சாகமாக நீந்தின, அவள் விரலைக் கண்டால் ஓடிவந்தன. நத்தைகள்தான் செத்துக்கொண்டே இருந்தன. லாரி வருகிற வாரம் செவ்வாய்க்கிழமை அதெமில்சன் ஒரு இறாலைப் பையில் போட்டு பட்டறைக்கே கொண்டுவந்து கொடுத்தான். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்டது. புதன்கிழமை காலையில் அது மணலில் சாய்ந்து கிடந்தது.

போனில் அதெமில்சனின் குரல் தாழ்ந்து வந்தது. "உன்னைக் குறை சொல்லல ஜூ. ஆனா இந்தத் தண்ணில பவளத்தை விட எனக்கு மனசு வரல. வெள்ளிக்கிழமை கில்வானுக்குச் சொல்லிடறேன்."

அவள் வெள்ளி மாலை வரை அவகாசம் கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை டாக்கில் ஒரு சரக்குக் கப்பலை ஏற்றியிருந்தார்கள். தண்ணீர் வற்றிய டாக்கின் அடித்தரையில், கப்பலின் வயிற்றுக்கு நேர் கீழே ஜுசாராவுக்கு வேலை. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை உள்ளே இழுக்கிற பெட்டி அங்கேதான் இருக்கும். மூடியைக் கழற்றினாள். உள்ளே இரும்புச் சுவரெல்லாம் கொட்டலசு, கப்பலில் ஒட்டி வளர்கிற ஓட்டுப் பிராணி, கத்தி முனை போல வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடந்தது. இடையிடையே சிப்பி. சுரண்டியை எடுத்துக் கொத்த ஆரம்பித்தாள். கொத்திக்கொண்டே போய் ஓரிடத்தில் சுரண்டி வழுக்கியது. அங்கே கொத்த எதுவும் இல்லை. வால்வு. வெண்கலம். சுற்றி அத்தனை உயிர் அப்பியிருக்க, அதன் மேல் மட்டும் ஒரு கொட்டலசு இல்லை, ஒரு சிப்பி இல்லை. கழுவித் துடைத்தது போல் பளபளவென்று இருந்தது.

அவள் சுரண்டியைக் கீழே போட்டாள்.

கப்பல் அடிக்குச் செம்பு கலந்த பெயின்ட் ஏன் அடிக்கிறார்கள்? கொட்டலசு ஒட்டாமல் இருக்க. ஏன் ஒட்டாது? மீன் தாங்குகிற அளவு செம்பே ஓட்டுப் பிராணிகளைக் கொல்லும். வெண்கலத்தில் பெரும்பங்கு என்ன? செம்பு. இதெல்லாம் இந்தப் பட்டறையில் கக்கூஸ் கழுவுகிறவனுக்குக் கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும், எத்தனையோ வருஷமாகத் தெரியும். கப்பலுக்காகத் தெரிந்ததை வீட்டுக்கு எடுத்துப் போக மறந்திருந்தாள். தினமும் துடைத்துத் துடைத்து அந்த வால்வைப் பளபளப்பாக்கியது வேறு.

சாப்பாட்டு மணி அடிக்கும் வரை பொறுக்கவில்லை. கிரேன் ஏணியில் ஏறினாள். பாதியில் முட்டி வலித்தது, நிற்கவில்லை. மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் காப்பிக் குடுவையைத் திறந்துகொண்டிருந்த அதெமில்சன், ஏணி வாயில் அவள் தலையைக் கண்டு, யாரோ கீழே விழுந்துவிட்டார்கள் என்று எழுந்துவிட்டான்.

"வால்வு வெண்கலம்" என்றாள் மூச்சு வாங்க.

"எந்த வால்வு?"

"என் வால்வு. தொட்டில."

அவன் குடுவையை மூடினான். "நான் பாக்கவே இல்லையே."

"மறைச்சு வச்சிருந்தேன். பவளம் வர்ற அன்னிக்கு உனக்குக் காட்டலாம்னு."

"நான் இரும்பு கூடாதுன்னு சொன்னேன்."

"இரும்புன்னு தான சொன்ன."

 அவன் சிரிக்க ஆரம்பித்தான். கூண்டே ஆடியது. "கப்பல் பட்டறையில இத்தனை வருஷம் குப்பை கொட்டிருக்கோம். ரெண்டு முட்டாளுங்க."

சிரிப்பு அடங்கியதும் அவன் முகம் மாறியது. வால்வைக் கழற்றினால் போதாது, கல்லும் மணலும் செம்பைக் குடித்திருக்கும். அதையெல்லாம் எறிந்துவிட்டு, தொட்டியைக் கழுவி, புதுசாக ஆரம்பித்து, மறுபடி தண்ணீர் பழக மாசக்கணக்காகும். நாளை மறுநாள் லாரி. அவளுக்கும் அது தெரிந்ததுதான், ஏணியில் ஏறும்போதே தெரிந்ததுதான். ஆனாலும் ஏறியிருந்தாள்.

கண்ணாடிக்கு வெளியே, வெகு கீழே, மீன் வண்டிகள் மார்க்கெட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தன. ஜுசாரா அவற்றைப் பார்த்தாள்.

"ஜிராஃபா, பவளத்துக்குக் கண்ணாடி எதுக்கு?"

"என்ன?"

"கண்ணாடி நமக்குத்தான வேணும், பாக்கறதுக்கு. அதுக்கு என்ன வேணும்?"

அவன் விரல்களை மடக்கவில்லை, ஆனால் மனசுக்குள் எண்ணுவது தெரிந்தது. தண்ணீர், வெளிச்சம், சூடு, ஓட்டம். "பழகின தண்ணி வேணும்" என்றான் கடைசியில். "அது என் தொட்டில இருக்கு. எப்படியும் சாக்கடைல தான் ஊத்தப் போறேன். என் கல்லும் இருக்கு." பிறகு, "செம்பு படாத பாத்திரம் வேணும். சோப்பும் படாதது. பெருசா."

அன்று மத்தியானம் வால்தெசிர் செதில் கையோடு போனை எடுத்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். முதலில், உன் வால்வால செத்ததுக்கு என் கையையா திட்டின என்று கேட்டான். அவள் மன்னிப்பு கேட்கும் வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை கேட்க வைத்தான். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான்.

"ஐஸ் பெட்டி புதுசா ரெண்டு வந்திருக்கு எங்ககிட்ட. பெருசு, நீயே உள்ள படுக்கலாம். அதுல இன்னும் ஒரு மீனு கூடச் செத்துக் கிடக்கல."

"குடுப்பாங்களா?"

"இரவல் கேக்கறேன். குடுக்கலைன்னா, என் பொண்டாட்டி கடலைக் கொன்னுட்டான்னு சொல்லி அழறேன்."

வெள்ளிக்கிழமை மாலை வேலை விட்டதும் ஆரம்பித்தார்கள். மார்க்கெட் வேனில் அதெமில்சன் வீட்டிலிருந்து தண்ணீர் பீப்பாய்கள் வந்தன. வேன் குன்றின் அடிவாரம் வரைதான் வரும். அதற்கு மேல் படிக்கட்டு. பீப்பாய்க்கு ஒரு பக்கம் ஜுசாரா, ஒரு பக்கம் வால்தெசிர். பின்னால் அதெமில்சன் ஈரத் துணி போர்த்திய கற்களைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வந்தான். படிக்குப் படி நின்றார்கள், படிக்குப் படி கெட்ட வார்த்தை பேசினார்கள். மேல் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, தண்ணீர் வரி கட்டவில்லையா, ஊரிலிருந்து சுமந்து வருகிறீர்களே என்று கேட்டாள். கடல், கடல் என்றான் வால்தெசிர் மூச்சு வாங்க. அவள் ஜன்னலை மூடவில்லை. கடைசி பீப்பாய் ஏறும் வரை நின்று பார்த்தாள்.

கூடத்தில், அழகான கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில், வெள்ளை மீன் பெட்டி வந்து உட்கார்ந்தது. பக்கவாட்டில் மார்க்கெட் முத்திரை கொட்டை எழுத்தில். இப்போது வால்தெசிரின் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் இடமில்லை. கடையில் பொம்மை என்று வைத்துவிட்டு வந்த பிளாஸ்டிக் குழாயை அவள் வாங்கி வந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு பொருத்தினாள். கல் இறங்கியது, தண்ணீர் இறங்கியது, சூட்டுக் கம்பி, மோட்டார், மேலே விளக்கு. கோமாளி மீன்கள் இரண்டும் இடம் மாறின. கடைசியாக அதெமில்சன் தன்னுடைய இறாலை விட்டான். தொட்டி வைத்த நாளிலிருந்து அவனோடு இருந்த கிழட்டு இறால்.

"காலைல இது உசுரோட நடந்தா, பவளம் வரும்" என்று சொல்லிப் போனான்.

சனிக்கிழமை விடியுமுன்னே ஜுசாரா பல் கூட விளக்காமல் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கல்லுக்கு அடியில் இறால் ஒருக்களித்துக் கிடந்தது. காலெல்லாம் அப்படியே, மீசை அப்படியே. தண்ணீர் லேசாக அசைத்தது, அது புரண்டது. அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். 

வேலைக்குக் கிளம்பிய வால்தெசிர் வந்து பார்த்தான். முழங்கை வரை மூன்று முறை கழுவிவிட்டு, கையை விட்டு இறாலை எடுத்தான். விளக்கு வெளிச்சத்தில் பிடித்தான்.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்க?"

"செத்துப்போச்சு."

"நான் ஒரு நாளைக்கு எத்தனை இறால் உரிக்கறேன்? இதுக்குள்ள கறியே இல்ல பாரு. வெறும் ஓடு. சட்டையைக் கழட்டிப் போட்டிருக்கு. ஆளு உள்ள எங்கயோ இருக்கான்."

ஓட்டைத் திரும்ப விட அவன் கையைத் தண்ணீருக்குள் இறக்கியபோதே, கல்லின் பின்னாலிருந்து, புதுச் சிவப்பில், புதுக் கோட்டில், கிழட்டு இறால் வெளியே வந்தது. மீசையை இரண்டு பக்கமும் ஆட்டியது. நேரே நடந்துவந்து வால்தெசிரின் விரல் நுனியில் ஏறி, நகக் கண்ணில் எதையோ பொறுக்கித் தின்னப் பார்த்தது. மீன் வெட்டி வெட்டித் தடித்த விரல். அவன் விரலை எடுக்கவில்லை. அவன் வேலைக்கு நேரமாகிவிட்டது, அப்போதும் எடுக்கவில்லை. அன்று மார்க்கெட்டுக்கே போகவில்லை.

லாரி தெருமுனையில் நிற்க, பத்து மணிக்கு அதெமில்சன் வாளியோடு படியேறி வந்தான். வாளிக்குள் பவளம் சதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, வெறும் கல் குச்சிகளாகக் கிடந்தது. இதற்காகவா இத்தனை பாடு என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாத கோலம். வாளியில் பெட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்கி, இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி, கல்லின் மேல் இருத்தினான். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி முழங்காலில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி இல்லாததால் வேறு வழியில்லை, மேலேயிருந்து குனிந்துதான் பார்க்க முடியும்.

கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அதெமில்சன் எழவில்லை.

"அங்க போய்ச் சின்னத் தொட்டி ஒண்ணு வைப்பேன்" என்றான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "அப்போ ஒரு கிளை அனுப்பு. இங்க செத்தா அங்க இருக்கும், அங்க செத்தா இங்க இருக்கும்."

"நானே கொண்டு வர்றேன்" என்றாள் ஜுசாரா. "தொட்டிக்குக் குழாயும் நானே போடறேன்."

"வால்வு?"

"அது வாசல் குழாய்ல இருக்கு. சோபாவைக் கழுவறதுக்கு."

ஹாரன் மறுபடியும் அடித்தது, இந்தத் தடவை கையை எடுக்காமல். அதெமில்சன் ஒரு காலை ஊன்றி எழப் போனான். அப்போது ஓரத்துக் குச்சி ஒன்றின் முனையில், உதடு பிரிகிறது போல, ஏதோ பிரிந்தது. பச்சையாக ஒரு மொட்டு. அது தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பியது, நீண்டது, நுனி அகன்றது, ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் ஆடியது. ஒரே ஒரு சுத்தியல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

அதெமில்சன் ஊன்றிய காலோடு அப்படியே நின்றான். பிறகு, போதும் என்று சொல்லிவிட்டு, படியில் இறங்கி ஓடினான். லாரிக்காரன் கத்துவதும் அவன் பதிலுக்குக் கத்துவதும் மேலே வரை கேட்டது.

ஜுசாரா தலையைப் பெட்டிக்குள்ளேயே விட்டிருந்தாள். முடி தண்ணீரைத் தொட்டது. மூன்றாவது திறந்துகொண்டிருந்தது, நாலாவதும்.

"நகரு" என்றான் வால்தெசிர். "எனக்கு ஒண்ணும் தெரியல."